இரண்டரை எலி

இருபது கிராமுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஒரு எலி. புதுச் சோப்பு ஐந்து எலி. பாதி தேய்ந்த சோப்பு இரண்டரை. எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து மூன்று எலி. கையில் வாங்கி, உள்ளங்கையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துவிட்டுச் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, நாலு குடித்தனம் இருந்த ஒரு கட்டடத்தில் நாங்கள் கீழ் வீடு, அவர் மாடி வீடு. எண்பதுகளின் கடைசி வருஷங்கள். நான் பாலிடெக்னிக்கில் அளவைக் கருவிகள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். எனக்கும் அக்கா, அம்மாவுக்கும் அக்கா, கீழே மரத்தடியில் இஸ்திரி போடுகிறவருக்கும் அக்கா. அம்மாவை அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

வேலை, ரயிலில் அரைமணி தூரத்தில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே வெள்ளை எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தீவனம் வைப்பது, தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, கூண்டில் மரத்தூள் மாற்றுவது. எல்லாவற்றுக்கும் முதலாக, ஞாயிறு தவிர தினமும் காலை ஏழரைக்கு ஒவ்வொரு எலியையும் தூக்கி எடைபோட்டு நோட்டில் எழுதுவது. வளர்ந்த எலி ஏறக்குறைய இருபது கிராம். பதினான்கு வருஷமாக அதே எடையைத் தூக்கித் தூக்கி, அவர் கைக்கு அது பழகிவிட்டது. நமக்குச் சாண், முழம் போல அவருக்கு எலி.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. ஒருநாள் வீட்டிலிருந்து இருபது பொருள்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தேங்காய் மூடி, அப்பாவின் மூக்குக் கண்ணாடி, பூட்டு, பேனா, கத்தரிக்காய் இப்படி. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிச் சொன்னார். எழுதிக்கொண்டு போய் பாலிடெக்னிக் தராசில் சரிபார்த்தேன். பதினேழில் இரண்டு கிராம்கூடத் தவறவில்லை. தவறிய மூன்றும் ஐம்பது எலிக்கு மேற்பட்டவை. "பெருசெல்லாம் எனக்கு வராதுடி. பெருச்சாளியெல்லாம் வேற டிபார்ட்மெண்ட்" என்றார்.

அம்மாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தாலிச் சங்கிலியை அழித்துக் கொஞ்சம் தடிமனாகச் செய்துகொண்டு வந்து, அக்கா கையில் கொடுத்துக் காட்டினார்.

"நல்லா இருக்குக்கா. ஒன்றரை எலிக்கு ஒரு பொட்டு கூட" என்றார் அவர்.

அம்மா சங்கிலியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். மாலை அப்பா வந்ததும் முதல் புகார் அதுதான். "என் தாலிச் சங்கிலியப் போய் எலிங்கறா! அவ வாய்ல வேற எதுவுமே வராதா?" அப்பா சட்டையைக் கழற்றியபடி, "எடை சரியாத்தானே சொல்லியிருக்கா?" என்றார். அன்று இரவு அப்பா தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்.

அவரிடம் வேறு சில பழக்கங்களும் இருந்தன. வார நாட்களில் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். வாசனை மாறினால் எலிகள் கலவரப்படுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு முழம் மல்லிகையை மொத்தமாக வைத்துக்கொண்டு, வாரத்துக்கும் சேர்த்து முகர்ந்துவிடுவது போல நடப்பார். நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். கதவை மூடினால் சத்தம் வராது. படியில் இறங்கினால் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அம்மா இருமுறை பால் பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறார்.

ஏன் தனியாக இருந்தார், சொந்த ஊர் எது, கடிதம் எழுதுகிறவர்கள் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவரைப் பற்றித் தெரியாதவற்றின் பட்டியல், தெரிந்தவற்றின் பட்டியலைவிட நீளம்.

அவருடன் நெருக்கமானது ஒரு தராசால். வேலை செய்யும் இடத்தில் கழித்துப் போட்ட தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் கம்பியில் நகர்த்தும் குண்டு. அது ஜீரோவில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். முள் உட்காரும் இடத்தில் மரத்தூள் இறுகியிருந்தது. துடைத்து, ஜீரோவை நிறுத்திக் கொடுத்தேன். நான் படித்த படிப்பு ஒருவருக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தராசில் அவர் முதலில் நிறுத்தது எங்கள் சமையலறைச் சுண்டெலியை. அம்மா பொறி வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, வாலடியைப் பிடித்து எடுத்துவிட்டார்.

"பதினாறு கிராம். ஒல்லி. உங்க வீட்ல சரியாச் சாப்பாடு போடலக்கா."

"கொன்னு போடுவியா, எடை போட்டுக்கிட்டு நிக்கறியே!"

"ஆபீஸ்ல செய்யறது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய்க் காலி மனையில் விட்டார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. பதினெட்டு கிராம்.

ஆபீஸில் செய்வது என்ன என்று அன்று படியில் உட்கார்ந்து கேட்டேன். அங்கே ஒரு விதி. ஒரே நாளில் ஓர் எலியின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது தேறாது என்று அர்த்தம். வேதனைப்பட விடாமல் அன்றே எடுத்துவிட வேண்டும். 'எடுப்பது' என்பதுதான் அங்கே சொல்லும் வார்த்தை. இடது கையால் செய்வாராம். "ஒரு செகண்டுதான். அதுக்குத் தெரியாது" என்றார். அப்புறம், "தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மாடிப்படி வளைவில் ஒரு பறவை கிடந்தது. கண்ணாடி ஜன்னலில் மோதி விழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் கண்ணைப் பாதி மூடியிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, வயிறு சந்தன நிறம், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கட்டடமே கூடிவிட்டது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்.

"ஐய, இது ஆறு மணிக் குருவிம்மா! காத்தால ஆறு, சாய்ந்தரம் ஆறு, டாண்ணு கத்தும். மழ காலத்துலதான் வரும். காட்டுக்குள்ளாற கெடக்கும், வூட்டாண்ட வராது. எங்கேர்ந்தோ பறந்து வந்துகினு இருந்து, டயர்டாயி வுழுந்துட்ச்சு போல."

அவர் சொன்னது சரி. வடக்கே மலையடிவாரக் காடுகளிலிருந்து இரவுகளில் பறந்து வருகிற பறவை அது என்று பிறகு நூலகத்தில் படித்தேன்.

அக்கா அதை இரண்டு கைகளாலும் எடுத்தார். உள்ளங்கை தானாக அசைந்தது. "ரெண்டு எலிக்கு மேல. இந்த உடம்புக்கு இது பத்தாதுடி. உள்ள ஒண்ணுமே இல்ல."

எலியை எடைபோடும் துணிப்பையில் அதை விட்டு, தராசில் வைத்து, பையின் எடையைக் கழித்து நோட்டில் எழுதினார். 46.

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, இருட்டாக்கி வைத்தார். எலிக்குச் செய்வதெல்லாம் அதற்கும் செய்தார். ஊறவைத்த கடலையைத் தட்டில் வைத்தார். குருவி அதைப் பார்த்த பார்வையில் மரியாதைகூட இல்லை. இஸ்திரி அண்ணன்தான், "அதுக்குக் கல்லயெல்லாம் எறங்காது யக்கா, பூச்சி பொட்டு வேணும்" என்று ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேங்காய்ச் சிரட்டை நிறைய மண்புழுவும் கரையானும் கொண்டுவந்தார். முதல் புழுவை அது தலையை ஒருமுறை திருப்பிப் பார்த்தது. இரண்டாவதை அக்கா கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டது.

அன்று பகல் முழுக்க மாடியில் உட்கார்ந்து நான் ஒரு பட்டியல் போட்டேன். இடப்பக்கம் எலி, வலப்பக்கம் குருவி. எலிக்கு வால் நீளம். குருவிக்கு வால் இருக்கிறதா என்றே சந்தேகம். எலிக்கு ஒரே நிறம். குருவிக்கு நான் எட்டு எண்ணினேன், அக்கா ஒன்பது என்றார், கண்ணுக்கு மேலே இருக்கும் வெள்ளைக் கோட்டை நான் விட்டுவிட்டேனாம். எலி பயந்தால் ஓடும். இது பயந்தால் அசையாது. எலிக்குப் பல், இதற்கு அலகு என்று எழுதியதை அவர் அடித்துவிட்டார். "இது எல்லாருக்கும் தெரியும். எடத்த அடைக்காத." ஒற்றுமைகள் என்று கீழே கோடு போட்டு எழுதச் சொன்னார். இருட்டில் இரண்டும் அடங்கும். வாசனைச் சோப்பு போட்ட கை, உரத்த குரல், திடீர் வெளிச்சம் மூன்றும் இரண்டுக்கும் ஆகாது. "கையில புடிச்சா ரெண்டுமே நெஞ்சுத் துடிப்பு மட்டும்தான். மத்த உடம்பே இல்லாத மாதிரி. எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன். அன்று அவர் மல்லிகை வைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி நிறுத்தார். 53. இரண்டரை எலியைத் தாண்டிவிட்டது என்று கீழே வந்து அம்மாவிடம்கூடச் சொன்னார். "பதினாலு வருஷத்துல என் கைக்கு வந்தது எல்லாமே, போகும்போது ஒரே வழிலதான்க்கா போயிருக்கு. இது ஒண்ணாவது வாசல் வழியாப் போகட்டும்." அம்மா தோசை இரண்டு கூடுதலாகச் சுட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை விடிந்து, ஆறு மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. அவர் தட்டினால், தட்டினாரா இல்லையா என்று கதவுக்கே சந்தேகம் வரும். திறந்தேன். வேலைக்குப் போகிற புடவையில் நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம் மேல வா. தராச ஒரு தடவ பாரு. ஜீரோ வெச்சவ நீதானே."

பார்த்தேன். ஜீரோ சரியாக இருந்தது. பையைத் தனியாக நிறுத்தேன், அதுவும் சரி. பறவையோடு நிறுத்தேன். கழித்தால் 47.

"நானும் ரெண்டு தடவ போட்டேன். நாப்பத்தேழுதான்" என்றார். "அம்பத்து மூணுலேர்ந்து நாப்பத்தேழு. ஆறு கிராம் போச்சு. பத்துல ஒரு பங்குக்கு மேல."

ஜன்னலைச் சாத்தியிருந்தார். பெட்டி மடியில் இருந்தது.

"ஆறே முக்கால் ட்ரெயினுக்கு நான் போயாகணும். நாள் பூரா இது தனியா கெடந்து தவிக்கும். அது பாவம்டி. நீ கொஞ்சம் வெளில நில்லு."

அவர் இடது கை பெட்டிக்குள் இருந்தது.

அழுதோ கையைப் பிடித்தோ நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் வராது. எதையாவது சரிபார்க்கத்தான் வரும். தராசு சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது நோட்டு. மேஜைமேல் திறந்திருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள். 46, 53, 47.

"அக்கா, நாப்பத்தாறு எப்ப போட்டது?"

"நேத்துக் காலைல. நீயும்தானே இருந்த."

"அம்பத்து மூணு?"

"சாயங்காலம். புழு தின்னப்புறம். எதுக்கு இப்ப இதெல்லாம்?"

"எலி எப்பக்கா சாப்பிடும்?"

"ராத்திரிதான். பகல்ல தூங்கும்." அவர் குரலில் எரிச்சல் இருந்தது. எலியைப் பற்றி அவரிடமே பாடம் கேட்கிறேன்.

"அப்ப நீங்க காலைல ஏழரைக்கு எடை போடறப்ப எல்லா எலிக்கும் வயிறு ரொம்பியிருக்கும். இது பகல்ல சாப்பிடறதுக்கா. ராத்திரி பூரா பட்டினி. இப்ப வயிறு காலி. சாயங்காலத்தோட காலைய ஒப்பிடக் கூடாது. காலையோட காலையப் பாருங்க. நேத்து நாப்பத்தாறு, இன்னிக்கு நாப்பத்தேழு. குறையல. ஒரு கிராம் ஏறியிருக்கு."

எனது பட்டியலில் விட்டுப்போன வரி அதுதான். இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தேன். யார் எப்போது சாப்பிடுவார் என்று எழுதவில்லை.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சிரிப்பார், தோளில் தட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், காத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப எலிய சாயங்காலம் எடை போட்டா?" என்றார்.

"குறையும்க்கா. நாள் பூரா தூங்கிட்டு எழுந்திருக்கும் இல்ல."

பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"போன வருஷம் பந்த் அன்னிக்கு ட்ரெயின் ஓடல. பல்லாவரம் வரைக்கும் நடந்து, ஒரு லாரில ஏறி, நான் போய்ச் சேரும்போது மணி நாலு. அப்பதான் எடை போட்டேன். முந்தின நாள் எடை காலைல போட்டது."

நான் நோட்டை மூடி வைத்தேன்.

"நாலு எலி" என்றார். அடையாளத்துக்கு மஞ்சள் மை தடவுவார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறார். "தலைல மஞ்சள் வெச்சது ஒண்ணு. முதுகுல வெச்சது. வால்ல வெச்சது. மார்க்கே இல்லாதது ஒண்ணு. ஏன் ஒரே நாள்ல நாலுன்னு ஆபீசர்கூட கேட்டாரு. வெயில் சார்னு சொன்னேன்."

ஆறே முக்கால் வண்டியை இனிப் பிடிக்க முடியாது. அவர் எழுந்து புடவைத் தலைப்பை உதறிவிட்டு, என் அடிக்கோலைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது அன்று காலடிச் சத்தம் கேட்டது.

பகலில் குருவியைப் பார்த்துக்கொண்டது அம்மா. நான் பாலிடெக்னிக்குக்குப் போயிருந்தேன். புழுவைத் தொட மாட்டேன் என்று சொல்லி, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். "சமையல்கட்டுல எலி, மாடில புழு. நான் எந்த ஜென்மத்துல என்ன பண்ணேனோ" என்று அப்பாவிடம் சொன்ன அதே வாயால், "நாப்பத்திரண்டு புழு தின்னுது" என்று என்னிடம் பெருமையாகக் கணக்குச் சொன்னார்.

அக்கா சாயங்காலம் வந்து அடிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார். ஆபீஸ் நோட்டில் எடை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், எல்லாப் பக்கங்களிலும் இன்னொரு கட்டம் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நேரம் எழுதுவதற்கு. ஆபீசர் எதற்கு என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"போன வருஷ நாலையும் சொன்னேன். அதான் முடிஞ்சுபோச்சேம்மான்னாரு. முடிஞ்சுதான் போச்சு சார், கட்டம் இருக்கட்டும்னு சொன்னேன்."

அடுத்த ஞாயிறு காலை எடை 55. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் அப்போது அடர்த்தியான முட்காடு உண்டு. இஸ்திரி அண்ணனின் மச்சான் அங்கே தோட்டவேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும் நானும் அண்ணனும் ஆட்டோவில் போனோம். ஓட்டுநரிடம் அக்கா, "பள்ளத்துல மெதுவாப் போப்பா" என்று கேம்ப் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ரோட்டில் பள்ளம் இல்லாத இடம்தான் குறைவு.

மரங்களுக்கடியில் ஈரச்சருகு. பெட்டியைச் சாய்த்துத் திறந்தார். அது உடனே பறக்கவில்லை. தத்தித் தத்தி நாலடி நடந்தது. ஒரு சருகை அலகால் புரட்டிப் பார்த்தது. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு தாழ்வாக, நீலம் ஒருமுறை மின்ன, புதருக்குள் போய்விட்டது.

ஆறு மணிக்குக் கத்தும் என்று காத்திருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு பன்னிரண்டுக்கு உள்ளேயிருந்து இரண்டு சுரமாக ஒரு விசில் வந்தது. எங்களுடையதுதானா, வேறொன்றா என்று சொல்ல முடியாது.

"பன்னெண்டு நிமிசம் லேட்டு. நம்பளோட இருந்து கெட்டுப்பூட்ச்சு" என்றார் அண்ணன்.

அக்கா சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவர் உள்ளங்கை மேலும் கீழும் அசைவதைப் பார்த்தேன். எத்தனை எலி என்று நான் கேட்கவில்லை.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமாகிப் பெருங்களத்தூருக்குக் குடிபோனேன். தொழிற்சாலைகளில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். எடை எழுதி நேரம் எழுதாத பதிவேட்டைப் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டேன். என்னைப் பிடிவாதக்காரி என்கிறார்கள்.

மகள் பிறந்த பத்தாம் நாள், அக்கா பஸ் பிடித்து வந்தார். முன்தலை நரைத்திருந்தது. வார நாள் என்பதால் பூ இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மணம் போகிறவரை மறுபடி வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, குழந்தையை வாங்கினார். அம்மா என்னைப் பார்த்தார். பேத்தியை எலியில் சொல்லப்போகிறாள் என்று இருவருக்கும் தெரியும். அம்மா இந்தத் தடவை அதற்குத் தயாராகவே இருந்தார்.

உள்ளங்கைகள் லேசாக அசைந்தன. ஆனால் அவர் எடையைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்பப் பால் குடிச்சா?"

"இப்பத்தான்க்கா, கொஞ்சம் முன்னாடி."

"அது இல்லடி. எத்தன மணிக்கு?"